பூச்சியம் இல்லாத அட்டவணை

என் மனைவி கிறிஸ்ரினா ஓரிடத்தில் இருக்கமாட்டாள். அவளை நான் முதன்முதலில் கண்டது ஓர் இரத்ததான முகாமில். கையில் ஊசியோடு படுத்திருக்க வேண்டியவள், பாதியில் எழும்பி, இரத்தப் பையை மற்றக் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போக வெளிக்கிட்டாள். தாதி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த நான்தான் மயங்கிப்போனேன். கல்யாணம் பேசக் குருநகருக்குப் போனபோது, அவளுடைய தாய் லூர்த்தம்மா ஒன்றையும் ஒளிக்கவில்லை. "தம்பி, இவள் சாப்பிடேக்கையும் நடப்பாள். பிறகு எங்களிலை குறை சொல்லக்கூடாது" என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒன்பது வருடமாக அனுபவிக்கிறேன்.

நான் புத்தூர் ஆள். பெயர் கஜானன். விவசாயப் போதனாசிரியர். வெங்காயத் தோட்டங்களுக்குப் போய், தோட்டக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை அவர்களுக்கே சொல்லிவிட்டு, திரும்பி வந்து படிவம் நிரப்புவது என் தொழில். தோட்டத்தைவிடப் படிவத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான விருப்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடு நேராக இருக்கும், கட்டம் கட்டமாக இருக்கும், எதை எங்கே எழுதுவது என்று யோசிக்கத் தேவையில்லை.

நாங்கள் சைவம், அவர்கள் வேதம், அதாவது கத்தோலிக்கர். இரண்டு வீட்டாரும் "நாங்கள் வித்தியாசம் பார்க்கிறேல்லை" என்று மாறி மாறிச் சொல்லி, பிறகு தேவாலயத்தில் ஒன்றும் மண்டபத்தில் ஒன்றுமாக இரண்டு கல்யாணம் செய்து வைத்தார்கள். கிறிஸ்ரினா அன்றைக்கே என் காதுக்குள் சொன்னாள்: "வித்தியாசம் பாக்கிறேல்லை எண்டா எல்லாத்திலையும் பாக்கக்கூடாது, கஜன். ஒரு இடத்திலை பாத்தாலும் கணக்கு உடைஞ்சுபோம்." அது பகிடி என்று நினைத்தேன். அது அவளுடைய ஆராய்ச்சி என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் கம்பஸில் கணிதத்துறையில் தகுதிகாண் விரிவுரையாளர். ஆராய்ச்சி, யூனிவேர்சல் அல்ஜிப்ராவில் றடிக்கல் என்ற ஒன்றைப் பற்றியது. நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஆறு பொருட்கள் இருக்கின்றன என்று வையுங்கள். எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை அந்த ஆறுக்குள் ஒன்றாகவே வரும். எதை எதோடு பெருக்கினால் எது வரும் என்பதை ஓர் அட்டவணையில் எழுதிவிடலாம். இப்படியான அமைப்பில் ஒரு பகுதி பழுது என்று ஒரு விதி சொல்கிறது. அந்தப் பழுதுதான் றடிக்கல். அதை நீக்க வேண்டும். பூச்சியம் உள்ள அமைப்பென்றால் கரைச்சல் இல்லை. பழுது முழுவதையும் பூச்சியம் என்று சொல்லி எறிந்துவிடலாம். பூச்சியமே இல்லாத அமைப்புகளும் உண்டு. அங்கே எறிவதற்கு இடமில்லை. பழுதுபட்டவற்றுக்கிடையில் வித்தியாசம் பாராமல், அவற்றைக் குழுவாக்கி, ஒரு குழுவை ஒரு பொருள் என்று எண்ணிக்கொள்ளத்தான் முடியும். அதற்குப் பிறகு வரும் கேள்வியில்தான் என் மனைவியின் எட்டு வருடம் போனது. ஒருமுறை இப்படிச் செய்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால், அதில் புதிதாகப் பழுது தெரியுமா? அல்லது ஒருமுறை போதுமா?

"எங்கடை வெங்காயத்திலை ஒருமுறை ஒருக்காலும் போதாது" என்றேன். "நோய் பிடிச்சதைப் பிடுங்கிப்போட்டு அடுத்த கிழமை போய்ப் பாத்தா, பக்கத்திலை இன்னொண்டு சுருண்டு நிக்கும்."

"உம்மடை வெங்காயத்துக்கு நான் தேற்றம் எழுதேல்லை" என்றாள்.

பூச்சியம் இருந்தால் ஒருமுறை போதும் என்பது நாற்பது வருடத்துக்கு முன்பே யார் யாரோ நிறுவிவிட்ட சங்கதி. பூச்சியம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போதும் என்பதுதான் அவளுடையது. அவளுக்கே அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த சொத்து அந்த ஒரு வசனம்.

கல்யாணமான புதிதில் அவள் கொப்பியில் அடிமட்டம் வைத்து அட்டவணை கீறுவாள். ஒன்றை நிரப்பி முடிக்க முதல் அடுத்தது, அதற்கடுத்தது. கோடு கோணும், அழிப்பாள், நடப்பாள், திரும்பி வந்து கீறுவாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் கீறி வைத்திருந்த ஒரு தாளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய், சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்து, அதேமாதிரி இரண்டாயிரம் தாள் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஆறு நிரை, ஆறு நிரல், நல்ல கறுப்புக் கோடு. கிறிஸ்ரினா அந்தக் கட்டைத் தூக்கி மணந்து பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நகை வாங்கிக் கொடுத்த அன்றுகூட இப்படி அழவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எங்கு பார்த்தாலும் அந்தத் தாள்தான். பின்னேரங்களில் நானும் நிரப்பிக் கொடுப்பேன். அவள் விதியைச் சொல்லிக்கொண்டு நடப்பாள், நான் கட்டங்களை நிரப்புவேன், இருவருமாகப் பழுதைத் தேடுவோம். ஒவ்வொரு முறையும் ஒருமுறை போதுமாக இருந்தது. எத்தனை நூறு தாள்! ஒன்றாவது பிழைக்கவில்லை. "பாத்தீரோ, பாத்தீரோ?" என்று அவள் சொல்லும்போது எனக்கும் அந்தத் தேற்றத்தில் ஒரு பங்கு இருப்பதுபோல் பெருமையாக இருக்கும்.

இந்த வருடம் ஆனியில் ஒரு புதன்கிழமை, அவள் அந்தத் தேற்றத்தைக் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்த சஞ்சிகையிலிருந்து ஈமெயில் வந்தது. அந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் அவளுடைய ஆய்வேட்டைப் பரீட்சைக்கு எடுப்பார்கள். பட்டம் கையில் வராவிட்டால் செப்ரெம்பர் முப்பதோடு வேலை முடிந்தது. ஏற்கெனவே இரண்டுமுறை காலம் நீட்டிக் கொடுத்தாயிற்று, இனி இல்லை என்று துறைத் தலைவர் கனகலிங்கம் சேர் மிகுந்த வருத்தத்தோடு சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஈமெயிலை நான்தான் பயந்து பயந்து திறந்தேன். அவள் எனக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு நின்றாள்.

நல்ல செய்திதான். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டுரையைப் புகழ்ந்திருந்தார். ஒரேயொரு சிறு கேள்வி. பன்னிரண்டாம் பக்கத்தில், "எப்படிக் குழுவாக்கினாலும், தனக்குள் அடங்கிய ஒரு குழுவாவது இருக்கும் என்பதை எளிதில் காணலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு நாள் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து காட்டவும். நாற்பது நாள் தவணை.

தனக்குள் அடங்கிய குழு என்றால், அந்தக் குழுவுக்குள் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை அந்தக் குழுவை விட்டு வெளியே போகாது. அந்த ஒரு குழுவைப் பிடித்துக்கொண்டுதான் நிறுவல் முழுவதும் மேலே ஏறுகிறது.

"உதோ?" என்று கிறிஸ்ரினா சிரித்தாள். "உது பத்து நிமிச வேலை. தேத்தண்ணியைப் போடும்."

தேத்தண்ணி ஆறியது. பத்து நிமிடம் ஒரு பின்னேரமாயிற்று, பின்னேரம் ஒரு கிழமையாயிற்று. கணிதக்காரர் "எளிதில் காணலாம்" என்று எழுதுவது, எப்போதோ ஒருநாள் தாங்கள் கண்டுவிட்டு, திரும்பப் பார்க்கப் பஞ்சிப்பட்ட இடங்களில்தானாம். இதை அவளே சொன்னாள். "நான் கண்டனான், கஜன். பஸ்ஸிலை வரேக்கை, நீர்வேலியடியிலை, வடிவாக் கண்டனான். அது எப்பிடி எண்டுதான் இப்ப தெரியேல்லை." நான் போதனாசிரியர் புத்தியில், "அப்ப அந்த பஸ்ஸிலை ஒருக்கா ஏறிப் பாருமன்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அடுத்த நாள் உண்மையாகவே ஏறிப் போய்விட்டு வந்தாள்.

அந்தக் கிழமைகளில் வீட்டில் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. அவள் சமைத்த கறியில் உப்பு இரண்டுமுறை இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஸ்கூட்டியில் வீட்டைத் தாண்டிப் போய், ஆவரங்காலில் நின்று போன் எடுப்பாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் வேறெங்கோ போகும். நான் பேசினால் எரிந்து விழுவாள், பேசாவிட்டால் "ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்பாள். தாள்களை மீண்டும் எடுத்து நிரப்பினோம். எல்லாவற்றிலும் அந்த அடங்கிய குழு இருந்தது. இருக்கிறது என்று காட்ட முடிகிறது, ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் பூசைக்குக் குருநகருக்குப் போனவள், தாய்வீட்டில் மத்தியானம் நின்றுவிட்டாள். நான் தோட்டமொன்றில் தண்ணீர் பாய்ச்சுகிற ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது.

"கஜன், எங்கை நிக்கிறீர்? உம்மட்டை எங்கடை தாள் ஏதும் இருக்கோ?"

என் படிவக் கோவைக்குள் எப்போதும் இரண்டொன்று கிடக்கும். எடுத்தேன்.

"முதல் நிரையிலை என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை. நாங்கள் இன்னும் நிரப்பேல்லை."

"வடிவாப் பாரும்."

பார்த்தேன். முதல் நிரையிலும் முதல் நிரலிலும் வரிசையாகப் பூச்சியம். கறுப்பு மையில், அழகாக, அச்சில். எட்டு வருடத்துக்கு முன் நான் எடுத்துப்போன அந்த மாதிரித் தாளில் அவள் பூச்சியம் உள்ள அமைப்பொன்றைப் பாதி நிரப்பி வைத்திருந்திருக்கிறாள். அச்சகக்காரர் கோட்டோடு சேர்த்து அதையும் அடித்துவிட்டார். நான்தான் அச்சுப்பிரதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

"கஜன், கேக்குதோ?"

"ஓம்" என்றேன். தண்ணீர் வாய்க்காலை விட்டு வேறு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மறிக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கலாம். என் தொழிலில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். படிவத்தில் அச்சடித்ததை ஒருத்தரும் வாசிப்பதில்லை. வெறுமையாக இருக்கும் கட்டத்தைத்தான் கண் தேடும். பூச்சியம் இல்லாத அமைப்புகளைப் பற்றி ஆய்வேட்டின் தலைப்பிலேயே எழுதிய பெண், பூச்சியம் அடித்த தாளில் அவற்றை எட்டு வருடமாகச் சோதித்திருக்கிறாள். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம், ஆகவே பூச்சியம் இருக்கும் குழு எப்போதும் தனக்குள் அடங்கியிருக்கும். அந்தக் குழுவைத்தான் நாங்கள் ஒவ்வொரு தாளிலும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

தாய்வீட்டில் தாள் இருக்கவில்லை. ஆகவே அவள் தேவாலயப் பெருநாள் அறிவித்தல் ஒன்றின் பின்பக்கத்தில், அந்தக் காலத்தைப்போல் கையால் கட்டம் கீறியிருக்கிறாள். இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. ஆறு பொருட்கள், இரண்டிரண்டாக மூன்று குழு. முதலாம் குழுவைத் தன்னோடு பெருக்கினால் விடை இரண்டாவதில் போய் விழும். இரண்டாவது மூன்றாவதில். மூன்றாவது திரும்ப முதலாவதில். அன்று பின்னேரம் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "பாரும், ஒருத்தரும் தங்கடை வீட்டிலை நிக்கேல்லை" என்றாள். அடங்கிய குழு இல்லை. ஒருமுறை குழுவாக்கிய பிறகு புதிதாகப் பழுது தெரிகிறது. தேற்றம் பிழை.

"நான் அடிப்பிச்ச தாள்..." என்று தொடங்கினேன்.

"விடும்" என்றாள். அந்த ஒரு சொல்லோடு சரி. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் தாளுக்காக அவள் என்னை ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பூச்சியம் உண்டு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தேற்றம் சரிவரும். ஆனால் அது நாற்பது வருடப் பழைய தேற்றம், அதற்குப் பட்டம் கொடுக்கமாட்டார்கள். ஆகவே மிஞ்சியது இரண்டு வழி. பிழை என்று எழுதி அனுப்பிவிட்டு வேலையை விடுவது. அல்லது, அரைப்பக்கத்துக்கு ஏதாவது எழுதிச் சமாளிப்பது. மதிப்பீட்டாளர் ஏற்கெனவே புகழ்ந்துவிட்டார், கேட்டது சிறு விளக்கம், எழுதினால் தலையாட்டுவார். இந்த இரண்டாவது வழியைச் சொன்னது நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினைந்து நாள் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"உலகத்திலை எத்தினை பேர் உதை வாசிக்கப் போயினம்? ஒரு பத்துப் பேர்?"

"ஏழு" என்றாள்.

"ஏழு பேருக்காக எட்டு வருசத்தை எறியப் போறீரோ?"

"நீர் போகாத தோட்டத்துக்குப் போனதா எழுதுவீரோ?"

"எழுதியிருக்கிறன்" என்றேன். அவள் நடப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஓம், எழுதியிருக்கிறன். பெற்றோல் இல்லாத காலத்திலை எல்லாரும் எழுதினவைதான். வானம் இடிஞ்சு விழேல்லை." நான் கத்தியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் றேடியோவைக் குறைத்தார்கள். எனக்குப் பயம். அவளுடைய வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, என் கையெழுத்தால் போகிறதே என்ற பயம்.

முப்பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. காலையில் அவள் லப்ரொப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு கடிதம் எழுதி வைத்திருந்தாள். ஒன்றில் அந்த ஆறு பொருட்களும் அட்டவணையும், பன்னிரண்டாம் பக்கத்தில் எளிதில் காணலாம் என்ற என் லெமா பிழை, தேற்றமும் பிழை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்பதும். மற்றதில் அரைப்பக்க விளக்கம்.

"என்னாலை ஏலாது, கஜன். களைச்சுப்போனன். நான் சுன்னாகம் சந்தைக்குப் போட்டு வாறன். நீர் ஒண்டை அனுப்பிவிடும்."

"எதை?"

"உமக்குச் சரியெண்டு படுறதை."

ஸ்கூட்டி போன சத்தம் ஓயும்வரை இருந்தேன். பிறகு அந்த அரைப்பக்க விளக்கத்தைத் திறந்தேன். அதை அனுப்பத்தான் திறந்தேன், சந்தேகமே இல்லை. அனுப்ப முதல் ஒருக்கா வாசிப்போமே என்று வாசித்தேன். விளங்கியது. திரும்ப வாசித்தேன், இன்னும் நன்றாக விளங்கியது. ஒன்பது வருடத்தில் அவள் எழுதிய எதுவும் எனக்கு விளங்கியதில்லை. அவளுடைய உண்மையான நிறுவல்கள் கல்லும் முள்ளுமாக இருக்கும், வரிக்கு வரி தடக்கும். இது வழுக்கிக்கொண்டு போனது. பிழை என்று தெரிந்த எனக்கே சரியென்று பட்டது. நான் போகாத தோட்டங்களுக்கு எழுதிய அறிக்கைகளும் இப்படித்தான் இருக்கும். போன தோட்டத்து அறிக்கையில்தான் வெட்டும் கொத்தும். அந்த அரைப்பக்கம் எனக்குத் தெரிந்த ஒருத்தி எழுதியதாகவே இருக்கவில்லை. அதை மூடிவிட்டு, மற்றதை அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு, பொய் சொல்வானேன், எனக்குப் பெரிய பெருமை. முற்றத்துக்கும் கேற்றுக்குமாக நான் நடந்தேன். அவள் வந்து என்ன சொல்லுவாள், எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்து யோசித்து நடந்தேன்.

அவள் இரண்டு பையோடு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. பல நாளைக்குப் பிறகு பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள்: பிஞ்சுக் கத்தரிக்காய், முருங்கைக்காய், எனக்குப் பிடித்த மாம்பழம்.

"அனுப்பீட்டீரோ?"

"ஓம். உண்மையை அனுப்பினனான்."

பைகளை மெதுவாகக் கீழே வைத்தாள். கதிரையில் இருந்தாள். "ஐயோ, கஜன்" என்றாள். "நீர் மற்றதை அனுப்புவீர் எண்டுதானே உம்மட்டை விட்டனான்."

நான் பைகளைத் தூக்கி, திரும்ப அதே இடத்திலேயே வைத்தேன்.

"என்ரை கையாலை அதை அமத்தேலாது. நீர் அமத்துவீர் எண்டு நினைச்சன். பதினைஞ்சு நாளா அதைத்தானே சொன்னனீர்? வழி முழுக்க, முடிஞ்சுது, இனி நிம்மதி எண்டு வந்தனான்." பிறகு அழுதாள். குரல் எடுத்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தொடுவதா விடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

செப்ரெம்பர் முப்பதோடு வேலை போனது. கனகலிங்கம் சேர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல், அரை மணித்தியாலம் தரையைப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது அவள் பண்டத்தரிப்பில் ஒரு ரியூட்டரியில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். அந்த ஆறு பொருட்களும் இன்னும் மேசையில் கிடக்கின்றன. ஒருமுறை போதாது என்றால் எத்தனைமுறை என்று கேட்டுக்கொண்டு நடக்கிறாள்.

போன கிழமை அந்த மதிப்பீட்டாளர், சஞ்சிகை மூலமாக, தன் பெயரோடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். முப்பது வருடமாகக் கட்டுரைகள் பார்க்கிறேன், இவ்வளவு நேர்மையான ஒரு பதில் எனக்கு வந்ததில்லை, உங்களைப் போன்ற ஒருவர் இந்தத் துறையில் இருப்பது பெருமை என்று இருந்தது. கிறிஸ்ரினா அதைச் சத்தமாக வாசித்தாள், கடைசிவரை வாசித்தாள்.

"அனுப்பினது நானில்லை எண்டு இவருக்கு எழுதட்டோ?" என்று கேட்டாள்.

பகிடிக்குக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.